பழவேற்காடு, தடா அருவி, இரண்டு மணி ஷிப்ட்

செய்திக்காக மட்டுமே போய்வந்த கடற்கரையை ஒருமுறை சும்மா பார்த்துவர நினைத்தேன். மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை 5.30க்குச் செவ்வாப்பேட்டையிலிருந்து கிளம்பினேன். வாடகைக் கார், டீசல் சேர்த்து 3,500 ரூபாய். ஓட்டுநர் தேசிங்கு, கடம்பத்தூர்க்காரர், ஐம்பது தாண்டியவர்.

சோழவரம், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 7.15க்கு ஏரிப் பாலத்தில் நின்றோம். வானம் மூடிக் கிடந்தது. பூநாரைகள் தூரத்தில் வெளிறிய ஒரு கோடு. தெற்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்தான் தெளிவாகத் தெரிந்தன.

டீ குடிக்கும்போது தேசிங்கு ஓர் உதவி கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன் மகள் சுமதி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டபோது, வீட்டுப் பக்கம் வராதே என்று சொன்னவர் அவர்தான். இப்போது அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு விடும். திரும்பும் வழியில் கேட்டருகே நிறுத்தலாமா?

"போன் பண்ணா எடுக்க மாட்டேங்குது சார். நேர்ல போய் நின்னா இன்னா பண்ணும்? ரெண்டு திட்டு திட்டவாச்சும் வாயத் தொறந்துதான ஆவணும்."

அடுத்துப் போகவிருந்த தடா அருவியிலிருந்து பன்னிரண்டுக்குக் கிளம்புவதாக ஒப்புக்கொண்டேன்.

ஆந்திர எல்லை தாண்டி, தடா அருவிக்கு இன்னும் 75 கிலோமீட்டர். கடைசிப் பகுதி குண்டும் குழியும், அப்புறம் நடை. சரியாக மூடாத குழாய் மாதிரி தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. படமெடுக்க வெயிலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. காருக்குத் திரும்பியபோது மணி 12.25. தேசிங்கு உடனே வண்டியை எடுத்தார். வழியில் சாப்பிடவும் நிறுத்தவில்லை.

கேட்டை அடைந்தபோது 1.50. தேசிங்கு, வேலை முடிந்தவர்கள் வெளியே வரும் வழியைப் பார்த்து நின்றுகொண்டார். யாருக்காக என்று கேட்ட காவலாளி சிரித்தார். திங்கட்கிழமை ஷிப்ட் மாறிவிடுமாம். போன வாரம் முதல் ஷிப்ட் என்றால் இந்த வாரம் இரண்டாவது. கம்பெனி பஸ் 1.25க்கே வந்துவிட்டது. 1.55க்குள் கார்டு தேய்க்காவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு.

எதிரே டீக்கடையிலிருந்து கடைசியாக வந்த நாலைந்து பெண்களில் ஒருத்தி நின்றாள். தேசிங்கை மேலும் கீழும் பார்த்தாள்.

"சோறு துன்னியா நைனா?"

"ஆச்சும்மா."

தலையசைத்துவிட்டு உள்ளே ஓடினாள். காலையில் குடித்த டீயைத் தவிர அவர் வயிற்றில் ஒன்றுமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: அருவியில் தண்ணீர் வேண்டுமென்றால் மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள். குடிதண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோங்கள். நான் வெயிலுக்குக் காத்திருந்தது இருபத்தைந்து நிமிடம். சுமதி அந்த டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்ததும் அதே இருபத்தைந்து நிமிடம்தான். ஓட்டுநர் பன்னிரண்டு என்று சொன்னால் பன்னிரண்டுக்கே கிளம்பிவிடுங்கள்.