அம்மா சொல்லாத பெயர்

என் பெயர் குல்நார். அத்தாவைப் பெற்ற தாயின் பெயர் அது. ஆற்காட்டு நவாபின் படையோடு தெற்கே வந்த குடும்பமாம், அதனால் பாரசீகப் பெயர். நான் பிறக்குமுன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயரை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதே! ஆகவே அம்மாவுக்கு நான் வெறும் ‘ஏட்டி’.

அத்தா இருந்தவரை கவலையில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எனக்கு ஏழு வயதானபோது அவர் கொழும்புக்குக் கடை வைக்கப் போனார். அதன்பின் ராஜபாளையத்து வீட்டில் அம்மாவும் நானும்தான். என் பெயரைச் சொல்ல ஆளில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து நானே கத்திக்கொள்வேன். கிணறாவது திருப்பிச் சொல்லிற்று.

அந்த ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். தேர்த்திருவிழாக் கடைகளைக் காட்ட அம்மா என்னைக் கூட்டிப் போனாள். எனக்கு வீம்பு தலைக்கேறியது. காணாமல் போனால் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? கையை உருவிக்கொண்டு ஓடி, ஒரு பாய்க்கடைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

“ஏட்டி, ஏட்டி” என்று அம்மாவின் குரல் வந்தது. கூட்டத்தில் பாதிச் சிறுமிகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. தெருவில் குரலை உயர்த்தியே பழகாதவள், துப்பட்டி தோளில் நழுவியதுகூடத் தெரியாமல் அங்குமிங்கும் ஓடினாள். பிறகு தொண்டை கிழிய, “மாதுளம்பூ, மாதுளம்பூ” என்று கத்தினாள்.

பிள்ளையைத் தொலைத்துவிட்டுப் பூவா தேடுகிறாள்? அவ்வளவுதானா நான்? பாய்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

கடைசியில் பாய்க்கடைக்காரர்தான் அழுகையைக் கேட்டு என்னை அம்மாவிடம் இழுத்துப்போனார். அவள் அடிக்கவில்லை.

“கூப்பிட்டது கேக்கலையாட்டி?”

கேட்கவில்லை என்றேன். வீடு வரும்வரை அவள் கையை நான் பிடிக்கவில்லை.

அத்தா ஊர் திரும்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா முந்தின வருஷமே காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். ஒருநாள் பேச்சுவாக்கில், என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அத்தாவிடம் கேட்டேன். நான் பிறந்த அன்றே அம்மாவிடம் சொன்னாராம்; எனக்குத் தெரியாது என்பது அவருக்கு ஆச்சரியம். குல் என்றால் பூவாம். நார் என்றால் மாதுளையாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடி முழுக்கக் கேட்கும்படி அம்மா என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.