பதினைந்து கிலோவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

பத்தொன்பது நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிடவில்லை. மேசை முழுவதும் என் மகளின் தாள்கள். நானும் மனைவியும் மகளும் தட்டைக் கையில் ஏந்தி டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் இரண்டு முறை சட்டையில் ரசம் கொட்டிக்கொண்டேன்.

மகளுக்கு வயது முப்பத்தொன்று. கல்யாண வீடியோக்களையும், கடலுக்கடியில் முக்குளிக்கும் சுற்றுலாக்காரர்களின் வீடியோக்களையும் எடிட் செய்வது அவள் தொழில். சென்னையில் ஒரு கம்பெனி, பவளப்பாறைகளைப் பற்றி ஆறு பகுதிகள் கொண்ட படம் ஒன்றை எடுத்திருந்தது. முதல் பகுதியை வெட்டித் தரும்படி இவளிடம் கேட்டார்கள். பதினான்கு மணி நேரக் காட்சிகள் ஒரு ஹார்ட் டிஸ்கில் வந்து சேர்ந்தன. அதை இருபத்திரண்டு நிமிடமாக்க வேண்டும். கூடவே ஒரு பேச்சும் வந்தது: "உங்க ஊர்ல தகுந்த மெஷின் இல்லைன்னா யோசிக்காதீங்க, இங்க வந்துடுங்க. வருஷம் முழுக்க வேலை இருக்கு."

மகளிடம் இருந்தது ஆறு வருடப் பழைய லேப்டாப். அந்தக் காட்சிகளைப் போட்டால் மீன் இரண்டு அடி நீந்தி நின்றுவிடும். நான்கு வினாடி கழித்து மறுபடி கிளம்பும்.

"இந்தக் கடலை வெட்டி ஒட்டுறதுக்கு நான் எதுக்குப்பா மெட்ராஸ் போகணும்?" என்றாள். இங்கேயே இருந்து அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அவள் போய்விட்டால் இந்தத் தீவில், மின்னி பே கடற்கரையோரம் இருக்கும் இந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான் என்பது என்னுடைய கவலை. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அவள் போக வேண்டிய இடத்துக்குக்கூடப் போகாமல் இருந்துவிடுவாளோ என்று அது ஒரு தனிக் கவலை.

லேப்டாப்பை மாற்றுவதற்குப் பதில், பாகம் பாகமாக வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டுவது என்று முடிவு செய்தாள். எடிட்டிங்குக்கும் ஆகும், அவள் விளையாடும் கேமுக்கும் ஆகும். தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் நான்கு பேரோடு விளையாடுவாள். அதில் ஒருத்தி ஹட் பே என்ற வேறொரு தீவு ஊரில் பள்ளி ஆசிரியை. மற்ற மூவரும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன், மறந்துவிட்டது.

நான் அரசாங்க ஸ்டோரில் முப்பத்திநாலு வருடம் ஸ்டோர் கீப்பர். வாசர் முதல் ஜெனரேட்டர் வரை என் கையால் எண்ணாமல் எதுவும் வெளியே போனதில்லை. அதனால் அவளுடைய பட்டியலைக் கேட்டு வாங்கினேன். ஒன்பது உருப்படி. குறைந்தது மூன்றிலாவது குற்றம் கண்டுபிடிப்பேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பிராசசரில் ஆரம்பித்தேன். கடையில் இருப்பதிலேயே பெரியது எதுவோ அதை விட்டுவிட்டு அதற்கு ஒரு படி கீழே எடுத்திருந்தாள்.

"ஏம்மா, ஒரு தடவை வாங்குறோம். பெருசா வாங்கிடேன்."

"பெருசு கொஞ்சம்தான்பா வேகம் கூட. சூடு ரொம்பக் கூட. நம்ம ஊரு புழுக்கத்துல அது தாங்காது. இதுக்குள்ளயே கேமரா ஃபைலைப் பிரிச்சுக் குடுக்க ஒரு பகுதி தனியா இருக்கு. எனக்கு அதுதான் வேணும்."

கிராபிக்ஸ் கார்டிலும் அப்படித்தான். ஒரே விலையில் இரண்டு இருந்தன. ஒன்றில் வேகம் அதிகம், மற்றதில் நினைவகம் அதிகம். விளையாட்டுக்கு முதலாவது நல்லதாம், எடிட்டிங்குக்கு இரண்டாவது. இரண்டாவதை எழுதியிருந்தாள். "கேம்ல ஒரு செகண்டுக்குப் பத்துப் படம் குறையும். குறையட்டும்." ரேம் நான்கு துண்டாகப் போடாமல் பெரிய துண்டாக இரண்டு, பின்னால் வேண்டுமென்றால் போட இரண்டு இடம் காலி. முன்பக்கம் கண்ணாடி போட்டு வண்ண விளக்கு எரியும் பெட்டிதான் இப்போது எல்லோரும் வாங்குகிறார்களாம். இவள் வலை வைத்த கறுப்புப் பெட்டி, அதற்குள் கழற்றிக் கழுவும் வடிகட்டி. எங்கள் வீட்டில் கதவுக் கீல் வருடத்துக்கு ஒன்று துருப்பிடிக்கும். இதை அவள் கணக்கில் எடுத்திருந்தாள்.

பிராசசரைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறதாம். கூட விளையாடும் நான்கு பேரும் அதைத்தான் வாங்கச் சொன்னார்கள். இவள் காற்றாடி வைத்த கூலரை எழுதியிருந்தாள்.

"தண்ணி லீக் ஆச்சுன்னா யாருப்பா பார்ப்பா? காத்தாடின்னா பஜார்ல ஏதாவது ஒரு கடையில கிடைக்கும்."

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரே சின்ன எழுத்தில் ஓர் எண் போட்டிருந்தாள்: ஏழு, பதினெட்டு, இருபத்தைந்து. என்ன இது என்று கேட்டேன். "கெட்டுப் போச்சுன்னா இன்னொண்ணு வந்து சேர எத்தனை நாள்னு" என்றாள். கப்பலையும் விமானத்தையும் நம்பி வாழும் ஊரில் ஸ்டோர் கீப்பர் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதை நான் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. அவள் தானாகவே அந்த இடத்துக்கு வந்திருந்தாள். பேனாவை மூடிவிட்டேன்.

"என்ன, ஒண்ணும் கிடைக்கலையா?" என்றாள் மனைவி. "பாவம், கை அரிக்குமே."

பெட்டியும் பவர் சப்ளையும் கப்பல் பார்சலில் முன்னாலேயே வந்துவிட்டன. கனமான யுபிஎஸ்ஸை இங்கேயே வாங்கினாள். மீதி ஆறும் நாசூக்கான சாமான்கள், ஆள் கையில் வருவதுதான் நல்லது. எங்கள் தீவில் யார் மெயின்லேண்ட் போனாலும் திரும்பும்போது மற்றவர்களுக்குச் சுமைதூக்கிதான். ஸ்டோரில் என்னிடம் வேலை பார்த்தவர் ஒருவர் கண் பரிசோதனைக்குச் சென்னை போயிருந்தார். அந்த ஆறையும் கடையில் வாங்கி வரும்படி அவரிடம் சொன்னோம்.

விமானத்தில் பதினைந்து கிலோதான் விடுவார்கள். அவருடைய சாமானே ஒன்பது கிலோ. எங்களுடையது எட்டேகால். கடையிலிருந்து அவர் போன் செய்தபோது மகள் ஒரு கல்யாணப் படப்பிடிப்புக்குப் பக்கத்துத் தீவில் ரங்கத் போயிருந்தாள். போனை நான் எடுத்தேன்.

நாங்கள் எப்போதும் என்ன செய்வோமோ அதையே சொன்னேன். மிக்ஸி வாங்கினாலும் டப்பாவைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோம், செருப்பு வாங்கினாலும் அப்படித்தான். அட்டையையும் தெர்மாகோலையும் எடை போட்டுத் தூக்கி வருவதற்கு நாங்கள் என்ன முட்டாள்களா?

"டப்பா எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடுப்பா. சாமானை மட்டும் துண்டுல சுத்திக்கோ."

மூன்றாம் நாள் அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். முகமெல்லாம் வெற்றி. "அண்ணே, மூணு கிலோ குறைச்சுட்டேன்! ஏர்போர்ட்ல காட்டும்போது பதினாலு முந்நூறு. ஒரு பைசா எக்ஸ்ட்ரா கட்டல."

மகள் ஒவ்வொன்றாகத் துண்டிலிருந்து எடுத்தாள். கடைசியாகக் கூலர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், இதோட ஒரு சின்ன வெள்ளை டப்பா இருந்திருக்கணுமே?"

"ஸ்பாஞ்சுக்கு அடியில ஏதோ இருந்துச்சும்மா. உள்ள ரெண்டு கம்பி, நாலஞ்சு ஸ்க்ரூ. டப்பாவோட போயிடுச்சு. ஏன், முக்கியமா?"

அந்தக் கம்பியும் ஸ்க்ரூவும்தான் கூலரை மதர்போர்டோடு சேர்த்துப் பிடிக்கும் கால்கள். அவை இல்லாமல் கூலர் வெறும் இரும்புக்கட்டி. கூலர் இல்லாமல் பிராசசரை ஓடவிட முடியாது. கடைக்குப் போன் செய்தோம். அட்டைகள் அன்றைக்கே பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டன. வேறு கால் அனுப்புவதாகச் சொன்னார்கள், வந்து சேர இருபது நாள். எங்கள் பஜாரில் காற்றாடி கிடைக்கும், இந்த அளவில் கால் கிடைக்காது. கம்பெனிக்கு வேலையைக் கொடுக்க அவளுக்கு மீதி இருந்தது பதினொரு நாள்.

"டப்பாவைப் பிரிக்கச் சொன்னது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்பா. வேற யாரு சொல்வா?"

அவ்வளவுதான் சொன்னாள். நானாக இருந்தால் மூன்று மாதம் சொல்லிக் காட்டியிருப்பேன். என் மனைவி அந்தக் குறையைத் தீர்த்துவைத்தாள். "முப்பத்திநாலு வருஷம் ஸ்க்ரூ எண்ணின மனுஷன், எண்ண வேண்டிய நாலு ஸ்க்ரூவைக் குப்பையில போடச் சொல்லியிருக்காரு" என்று பக்கத்து வீடுவரை கேட்கும்படி சொன்னாள்.

மகள் மதர்போர்டை மேசையில் வைத்து என்னுடைய வெர்னியர் அளவுகோலைக் கேட்டாள். பிராசசரைச் சுற்றி நான்கு துளைகள், ஒன்றுக்கொன்று எழுபத்தெட்டு மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்தாள், நான் இன்னும் இரண்டு தடவை அளந்தேன். ஒரு தாளில் படம் வரைந்தாள். இரண்டு பேரும் படகுத்துறைப் பக்கம் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனோம். டிங்கிப் படகுகளின் இன்ஜினுக்கு வேலை செய்யும் பட்டறை. அதன் சொந்தக்காரர் வயதான வங்காளி.

அவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "யே கௌன்சே இன்ஜின் கா ஹை, பேட்டி?" இது எந்த இன்ஜினுக்கு மகளே என்று இந்தியில் கேட்டார்.

"கம்ப்யூட்டர் கா, தாதா." கம்ப்யூட்டருக்கு, பெரியவரே என்றாள் மகள்.

"கம்ப்யூட்டர்?" அவர் என்னைப் பார்த்தார். வேண்டாத வேலையில் மகளை இழுத்துவிட்டவன் நான்தான் என்று முடிவு செய்தது அவர் பார்வையில் தெரிந்தது. அது ஒருவகையில் உண்மைதான். "சலோ, ஹோ ஜாயேகா." சரி, செய்துவிடலாம் என்றார்.

உப்புக்காற்றில் துருப்பிடிக்காத ஸ்டீல் பட்டையில் இரண்டு கால், நான்கு தண்டு. மகள் பக்கத்திலேயே நின்று, ஒரு தண்டு அரை மில்லிமீட்டர் நீளம் என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டு மறுபடி கடைந்தார். உலோகம் மதர்போர்டில் படக்கூடாது என்று குழாய்க் கடையில் நைலான் வாசர் எட்டு வாங்கினாள்.

வீட்டில் வந்து பிராசசரின் மேல் பசையைத் தடவிக் கூலரை உட்காரவைத்தாள். ஒரு பக்கமாக இறுக்கினால் பிராசசர் நசுங்கிவிடுமாம். குறுக்கும் நெடுக்குமாக, ஒரு நேரத்தில் கால் சுற்றுதான்.

"நீங்க எண்ணுங்கப்பா. நாலும் ஒரே அளவு இருக்கணும்."

எண்ணினேன். ஒவ்வொன்றுக்கும் இருபத்தாறு கால் சுற்று. நடுவில் மனைவி காபி வேண்டுமா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. திருமணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் காபிக்கு நான் பதில் சொல்லாதது அன்றுதான்.

கம்ப்யூட்டர் முதல் தடவையிலேயே எழுந்தது. ஆனால் மகள் உடனே எடிட்டிங்கைத் தொடவில்லை. "முதல்ல கேம்" என்றாள். எனக்குச் சுரீரென்றது. மீதி ஒன்பது நாள்தான், விளையாட்டா? அவள் விளக்கினாள்: கேம் ஓடும்போதுதான் பிராசசரும் கார்டும் சேர்ந்து திணறும். இரண்டு மணி நேரம் அதில் சூடு ஏறாமல் நின்றால்தான் இந்தக் காலை நம்பிக் காட்சிகளைப் போடலாம். அவள் விளையாடினாள். திரையின் மூலையில் சூட்டின் அளவு தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் எழுதினேன். அறுபத்திரண்டு, அறுபத்தெட்டு, எழுபத்தொன்று. பிறகு எழுபத்தொன்றிலேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்தில் மின்சாரம் மூன்று தடவை போய் வந்தது, யுபிஎஸ் தாங்கியது. இவள் விளையாட்டில் ஒரு தடவைகூடச் சாகவில்லை. ஹட் பே ஆசிரியை நான்கு தடவை செத்தார்.

அடுத்த எட்டு நாளும் அவள் வேலை செய்வதைக் கதவருகில் நின்று பார்த்தேன். மீன் நிற்காமல் நீந்தியது. நாங்கள் தினமும் பார்க்கும் இந்தக் கடலுக்குள் இப்படி ஒரு நீலம் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவள் ஒரு காட்சியைப் பதினேழு தடவை மாற்றியதை எண்ணினேன். பதினேழாவதுதான் சரி. பதினாறாவதுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் சரி என்று எனக்கே பட்டது. கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய நான்காம் நாள் காலை சென்னையிலிருந்து போன் வந்தது. நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்பைச் சிம்மில் வைத்தாள்.

"தேங்க் யூ சார்... மீதி அஞ்சுமா?... இல்ல சார், அங்க வரல. இங்கிருந்தே பண்றேன்... மெஷின் இருக்கு. நல்லா இருக்கு... ஒரு பகுதிக்கு பதினாறு நாள் குடுங்க, கரண்ட் கட்டுக்கும் சேர்த்துச் சொல்றேன்... ஓகே சார்."

"கேட்டுச்சா?" என்றாள் மனைவி மெதுவாக.

"கேட்டுச்சு. அஞ்சு பகுதி, பதினாறு பதினாறா எண்பது நாள்."

"எண்பதுக்கு அப்புறம்?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மகள் அடுக்களைக்கு வந்து, துருவிய தேங்காயில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "என்ன ரெண்டு பேரும் திருடன் மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.