தபால் பையில் நடந்த போன்

சென்ற திங்கட்கிழமை, நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் பெற்றோர் குழுவில் செய்தி வந்தது. “அம்மா இன்று காலை மாரடைப்பில் காலமாகிவிட்டார்.” ரஹிமா மேடத்தின் மகன் போட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்த அந்த வீட்டம்மாள், “என்னங்க ஆச்சு? உக்காருங்க” என்று ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மீதித் தபால்களையும் கொடுத்து முடித்த பிறகுதான் அழுதேன்.

மேடம் தருமபுரியில் ஒரு சிறிய மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்தவர். எடை கூடிப்போன வளரிளம் பிள்ளைகளின் போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்து, சாப்பாட்டையும் நடையையும் அதில் பதியச் சொல்லி, தினமும் பார்த்துப் பதில் போடுவார். குழுவில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் தெரியும். நான் செய்த திருட்டுத்தனம்தான் தெரியாது. அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் பவித்ரா அப்போது பத்தாம் வகுப்பு. தெருப் பையன்கள் வைத்த பட்டப்பெயருக்குப் பயந்து, பள்ளி விட்டு வந்தால் வெளியே தலைகாட்ட மாட்டாள். இப்படியே விட்டால் சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மேடத்திடம் போனோம்.

முதல் வாரமே ஒரு வேடிக்கை. சாப்பாட்டைப் படம் எடுத்தால் அது என்னவென்று செயலியே சொல்லும். எங்கள் வீட்டு ராகிக் களியைப் பார்த்து அது சாக்லேட் கேக் என்றது. மூன்று நாளில் மூன்று கேக். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். “உங்க வூட்டுல தினமும் பொறந்தநாளுங்களா?” பிறகு செயலிக்காரர்களிடம் விடாமல் பேசிப் பேசி, களியையும் கொள்ளுப் பருப்பையும் அதன் பட்டியலில் சேர்க்க வைத்தார்.

பள்ளிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. ஒருநாள் அவசரத்தில் பவித்ராவின் போனையும் தபால் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் ஊர் ஊராக நடந்து தபால் கொடுப்பவள். என் நடையெல்லாம் செயலியில் அவள் நடையாகப் பதிவாகிவிட்டது. சாயங்காலம் மேடத்திடமிருந்து அவளுக்குச் செய்தி: “கலக்கிட்ட கண்ணு!” அதைப் படித்துவிட்டு என் மகள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. மறுநாள் வேண்டுமென்றே போனை எடுத்துப் பையில் வைத்தேன். அவளும் பார்த்தாள், பார்க்காததுபோல் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டு மாதம் அவள் கணக்கில் நான் நடந்தேன்.

எடை குறையவில்லை. “இவ்ளோ நடந்தும் குறையலீன்னா சாப்பாட்டுலதான் ஏதோ இருக்குது” என்று மேடம் இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்தார். பொய் சொல்லும் குற்ற உணர்வில் பவித்ரா அதிலும் பாதியைத்தான் சாப்பிட்டாள். காலையில் எனக்குத் தெரியாமல் பட்டினியாகவே போயிருக்கிறாள். ஒருநாள் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். முகவாயில் மூன்று தையல்.

அன்றே அவளை அழைத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். “நடந்தது புள்ள இல்லீங்க மேடம். நான்தாங்க” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். மேடம் செயலியைத் திறந்து, எந்த மணிக்கு எவ்வளவு நடை என்று பார்த்தார்.

“பதினோரு மணிக்குப் புள்ள வகுப்புல உக்காந்திருக்கும். அந்நேரத்துக்கு இத்தன நடை எப்பிடி வரும்? அதக்கூட நான் யோசிக்கலியே” என்றார். “போனையே பாத்துக்கிட்டு இருந்துட்டேங்க. புள்ளயப் பாக்கல.” பிறகு பவித்ராவின் கையைப் பிடித்து, “என்னய மன்னிச்சுக்க கண்ணு” என்றார். வைத்தியம் பார்ப்பவர் ஒருவர் பத்தாம் வகுப்புப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன். நாங்கள் மூன்று பேருமே அழுதோம்.

அன்றிலிருந்து, பிள்ளைகள் யார் வந்தாலும் முதலில் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். பேசி முடித்த பிறகுதான் அதைத் திருப்புவார். என்னிடம், “சனிக்கிழம பள்ளிக்கூடம் லீவுதானுங்களே? பையில போனுக்குப் பதிலா இவளக் கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார். அப்படியே செய்தேன். நான் தபால் கொடுக்கும் ஊர்களில் அவளுக்குப் பட்டப்பெயர் கிடையாது, தபால்காரம்மா பொண்ணு, அவ்வளவுதான். அடுத்த முறை போனபோது மேடம் எடையைக் கேட்கவில்லை. “இந்த வாரம் யாரு வூட்டுல மோர் குடுத்தாங்க?” என்றுதான் கேட்டார். பவித்ரா ஊர்க்கதை எல்லாம் சொன்னாள்.

இப்போது அவள் பிளஸ் டூ. ஒல்லியாகிவிடவில்லை. ஆனால் சர்க்கரை பயம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறாள். இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும்? மேடத்துக்கு நான் முறையாக நன்றி சொன்னதே இல்லை. சொல்ல ஆரம்பித்தாலே ஏதாவது கிண்டல் செய்து வாயை அடைத்துவிடுவார்.

பிள்ளையிடம் பேசும்போது போனைக் கவிழ்த்து வைக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று சனிக்கிழமை. கிளம்பும்போது பவித்ரா தன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “வாம்மா, போலாம்” என்றாள். வழக்கத்தைவிட இரண்டு ஊர் கூடுதலாகப் போனோம். எவ்வளவு தூரம் என்று எந்தச் செயலியிலும் இல்லை. ஆனால் மேடம், நேற்று நடந்தது அவள்தான்.