துரோவை மூழ்கடித்தவன்

லூக்காஷ் ஹோலுப் அன்றைய கிழக்குப் போலந்தின் பின்ஸ்க் ஊரில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரன். இளவயதிலேயே போலந்து ஆற்றுப்படையில் சேர்ந்து, ‘துரோவ்’ என்ற பீரங்கிக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளினான். முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த கப்பல் அது. பிரிபெச் ஆற்றில் மேலும் கீழும் போய்வந்ததே தவிர யாரோடும் சண்டை போட்டதில்லை. கோடையில் பயிற்சி. ஆறு உறைந்ததும் கரையில் கட்டிப்போட்டுப் பழுதுபார்ப்பு. லூக்காஷின் வாழ்க்கையும் அப்படியே ஓடியது.

1939 செப்டம்பரில் மேற்கிலிருந்து ஜெர்மானியர் நுழைந்தார்கள், பிறகு கிழக்கிலிருந்து ரஷ்யர். அந்த வருடம் மழையே இல்லை. வற்றிய ஆற்றில் துரோவ் மணல்திட்டில் தட்டி நின்றது.

“அவங்க கையில சிக்கக் கூடாது. மூழ்கடிச்சிடுங்க,” என்றார் கேப்டன்.

வால்வுகளைத் திறந்தவன் லூக்காஷ். கப்பல் மெல்ல இறங்கி அடிமணலில் உட்கார்ந்தது. பீரங்கிக் கூண்டு தண்ணீருக்கு மேலேயே நின்றது.

“முங்கக்கூடத் தண்ணி இல்லையேடா!” என்று சிரிக்கத் தொடங்கிய ஒருவன் அழுதுவிட்டான்.

லூக்காஷ் சீருடையைச் சதுப்பில் புதைத்தான். ஒரு குடியானவனிடம் பூட்ஸைக் கொடுத்து அவன் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வீடு வந்தான். அதன்பின் வண்டிச் சத்தம் கேட்டாலே உருளைக்கிழங்கு நிலவறைக்குள் இறங்கிவிடுவான். ஊரைப் பிடித்த ரஷ்யர்கள் ஆற்றுப்படை அதிகாரிகளைக் கொண்டுபோனார்கள், ஒருவரும் திரும்பவில்லை என்று சந்தையில் பேச்சு.

“நீ கரி தள்ளினவன். உன்னை யாரு தேடப் போறா?” என்பாள் மனைவி பெலாகியா. சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவாள்.

அடுத்த கோடையில், பட்டப்பகலில், ரஷ்ய அதிகாரி ஒருவர் கதவைத் தட்டினார்.

“துரோவ்ல இருந்த ஹோலுப் நீதானே?”

பெலாகியா முந்திக்கொண்டாள். “அவருக்கு உடம்பு சரியில்லைங்க.”

“அதை மூழ்கடிச்சது யாரு?”

லூக்காஷ் அவளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். “நான்தான்,” என்றான்.

“அப்ப வா. கப்பலைத் தூக்கிட்டோம். கொதிகலன்தான் மக்கர் பண்ணுது.”

பெலாகியா நம்பவில்லை. கறுப்பு ரொட்டி, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, அந்த வெயிலிலும் கம்பளிக் காலுறை என்று சிறைக்குப் போகிறவனுக்குக் கட்டுவது போல மூட்டை கட்டினாள்.

சாயங்காலம் கையெல்லாம் கரியோடு அவன் திரும்பி வந்தான்.

“கப்பலுக்குப் புதுப் பேரு எழுதியிருக்காங்க,” என்றான்.

“என்ன பேரு?”

“எங்க பார்த்தேன்? பின்னால யாராவது வர்றாங்களான்னு பார்த்துக்கிட்டே வந்துட்டேன்.”

மறு ஆண்டு ஜெர்மானியர் ரஷ்யர்மேல் படையெடுத்து பின்ஸ்க் வரை வந்தபோது அந்தக் கப்பலோடு கிழக்கே போனான். அதற்குப் பிறகு பெலாகியாவுக்கு அவனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.