எழுதிக்கொண்டே இருந்த டிஸ்க்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ராத்திரி நடந்ததல்ல. ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளக்கும் பட்டப்பகலில், பக்கத்துக் கடையில் எவனோ கரவோக்கேயில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தபோது நடந்தது. நேரமெல்லாம் சரியாகச் சொல்வேன். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் நேரம் பதிவாகிவிடும்.

என் பெயர் ருஃபினோ. மணிலாவில் கில்மோர் வீதிப் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு எட்டடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருடமாயிற்று. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்து அனுப்புகிற ஆள்தான் நானும்.

அன்று வியாழக்கிழமை. பிற்பகல் 2:20. ஒரு பெண்மணியும் அவருடைய தம்பியும் உள்ளே வந்தார்கள். இரண்டு பேரும் கறுப்பில் இருந்தார்கள். அந்த அம்மாவின் பையில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு இன்னும் கிழிபடாமல் தொங்கியது. ஒரு பழைய லேப்டாப்பை மேஜையில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“ரொம்ப ஸ்லோவா இருக்கு தம்பி. ஒரு வீடியோ தொறக்க அரை மணி நேரம் ஆகுது. அப்புறம் அப்படியே நின்னுருது.”

“உங்களோடதாக்கா?”

“எம் பொண்ணோடது.”

தம்பிக்காரர்தான் மீதியைச் சொன்னார். பெயர் அர்செனியோ. “பொண்ணு ஞாயித்துக்கெழமை போயிருச்சு. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு. இருபத்திமூணு வயசு. நாளைக்குக் காலைல அடக்கம்.”

அந்த அம்மாவின் பெயர் பெலென். குவைத்தில் வீட்டு வேலை. பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடத்தில் ஊருக்கு வந்தது மூன்றே தடவை. மகள் ஜோவியோடு பேசினதெல்லாம் வீடியோவில்தான். அந்தப் பெண் ஒவ்வொரு அழைப்பையும் தேதி போட்டு இந்த லேப்டாப்பில் பதிவு செய்து வைத்திருந்தாளாம்.

“அவ காலேஜ் போனது, முடிய வெட்டிக்கிட்டது, எங்கிட்ட சண்ட போட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டது, எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. பக்கத்துல இருந்து நான் பாத்தது ஒண்ணுமில்ல. இது போச்சுன்னா எனக்கு ஒரு மக இருந்தாங்கறதுக்கு எங்கிட்ட வேற எதுவுமே இல்ல தம்பி.”

அடக்கத்துக்கு முன் கண்விழிக்கும் நாட்களில் இன்றைக்குக் கடைசி இரவு. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இதையெல்லாம் போட்டுக் காட்ட வேண்டும். ஆறு மணிக்குள் வேண்டும் என்றார்.

அப்போதுதான் மெழுகுவத்தி வாசனை மூக்கில் ஏறியது.

“நேரா சாவு எடத்துலேர்ந்தா வர்றீங்க?” என்றேன்.

அர்செனியோ பார்வையைத் திருப்பிக்கொண்டார். “அக்கா வீட்டுக்குப் போய் குளிக்கணும். நேராப் போகக்கூடாதில்ல? நடுவுல எங்கயாச்சும் நுழைஞ்சிட்டுப் போகணும். அதான்...”

“அதுக்கு எங்கடைதான் கெடச்சுதா?”

விளையாட்டாகத்தான் கேட்டேன். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செத்தவர் கிடக்கிற இடத்திலிருந்து நேரே வீடு திரும்பினால் ஆவியும் கூடவே வந்துவிடும். வழியில் எங்காவது நின்று அதை உதறிவிட்டுப் போக வேண்டும். பர்கர் கடை, பெட்ரோல் பங்க் என்று ஜனம் நிறைந்த இடமாகப் பார்த்து நுழைவார்கள். ஒற்றை ஆள் உட்கார்ந்திருக்கிற பொந்துக்குள் யாரும் வரமாட்டார்கள்.

“நான் வேண்டாம்னுதான் சொன்னேன்” என்றார் பெலென் அக்கா. “அவ வரட்டுமே. எம் மக எங்கூட வீட்டுக்கு வந்தா எனக்கென்ன பயம்?”

லேப்டாப்பை வாங்கிக்கொண்டேன். தம்பியின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் போனார்கள். மணி 2:35.

2:41. லேப்டாப்பைத் திறந்தேன். டிஸ்க் நூறு சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த புரோகிராமும் திறந்திருக்கவில்லை. வைரஸ் சோதனை இல்லை. அப்டேட் இல்லை. இணையத்தைத் துண்டித்தேன். அப்போதும் நூறுதான்.

இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சரி, இதுதான் சங்கதி என்று எனக்கு நிம்மதி. எஸ்.எஸ்.டி வகை டிஸ்க் கழுத்து வரை நிரம்பினால் தவழத்தான் செய்யும். வேண்டாத குப்பையை அழித்தேன். ஆறு ஜிபி காலியானது. வேகமும் வந்தது. தண்ணீர் பிடிக்க எழுந்து போனேன்.

2:58க்குத் திரும்பி வந்தேன். ஆறு ஜிபியும் நிரம்பியிருந்தது.

சூட்டினால் இருக்குமோ என்று பார்த்தேன். சூடு இல்லை. டிஸ்க்கைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, கேபிள் வழியாக என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். இனி அந்த லேப்டாப்பில் இருந்த எதுவும் ஓட வழியில்லை. ஆனாலும் டிஸ்க் மாட்டிய டப்பாவின் விளக்கு விடாமல் சிமிட்டியது. யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

3:10. டிஸ்க்கின் ஆயுள் மிச்சம் 4 சதவீதம். இந்த டிஸ்க்குகளை எத்தனை தடவை படித்தாலும் தேயாது. எழுத எழுதத்தான் தேயும். 3:18க்குப் பார்த்தேன். 3 சதவீதம். வருடக்கணக்கில் குறைய வேண்டியது எட்டு நிமிடத்தில் குறைந்திருந்தது.

அவசரமாக நகலெடுக்க ஆரம்பித்தேன். திரையில் காட்டிய நேரம், இன்னும் 19 மணி. எழுதுகிற கை நின்றால்தான் படிக்க முடியும்.

எந்த ஃபைல் என்று தேடினேன். ஜோவி தேதி போட்டு வைத்திருந்த அழைப்புகள் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை, மாலை 5:14க்குத் தொடங்கியது. அது இன்னும் முடியவில்லை. இடமே இல்லாத டிஸ்க்கில் என் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தது...

அர்செனியோவுக்குப் போன் போட்டேன்.

“பொண்ணு எத்தன மணிக்குப் போச்சு?”

“அஞ்சு, அஞ்சேகால் இருக்கும். ஏன்?”

“சும்மாதான்.”

பக்கத்துக் கடையில் பாட்டு நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவர்கள் போய் ஒரு மணி நேரமாகியும் மெழுகுவத்தி வாசனை போகவில்லை.

எழுத முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டினேன். விளக்கு சிமிட்டியது.

3:47. மிச்சம் 1 சதவீதம்.

எதிரே வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூல்... கிறீச்... யாரோ முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது போல.

ஸ்டூலில் யாரும் இல்லை.

கேபிளைப் பிடுங்கினேன்.

கேபிள் என் கையில் இருந்தது.

விளக்கு அணையவில்லை...

எழுந்து ஓடியிருப்பேன். ஆனால் மேஜையில் வைத்த பிறகும் எடுக்காத அந்த அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. கேபிளை மறுபடி சொருகி, நகலையும் மறுபடி ஓட விட்டேன். 3:51.

“ஜோவி... தங்கச்சி. போதும்மா. நீ எழுத எழுத இது செத்துட்டே வருது. உங்கம்மாவுக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். அண்ணன் சொல்றேன்... நிறுத்திரும்மா.”

வெறும் ஸ்டூலைப் பார்த்துத்தான் சொன்னேன்.

3:52.

விளக்கு அணைந்தது.

மெழுகுவத்தி வாசனையும் அப்போதே போய்விட்டது. நகல் முடிய இன்னும் 38 நிமிடம் என்று திரை காட்டியது. 4:30க்கு முடிந்தது. பதினோரு வருடத்தில் ஒன்றுகூட விடுபடவில்லை. பழைய டிஸ்க் அதோடு சரி. அடுத்த நாள் எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டியும் உயிர் வரவில்லை.

புது டிஸ்க்கைக் கொடுத்தனுப்பும் முன் அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபைலைத் திறந்து கேட்டேன். படம் இல்லை. சத்தம் மட்டும். டூ... டூ... டூ... மறுமுனையில் யாரும் எடுக்காத போன். இரண்டு நிமிடம் கேட்டேன். அதற்கு மேல் தாங்கவில்லை. முடிவு வரை ஓட்டிப் பார்க்கவும் தைரியமில்லை. மகளைப் பறிகொடுத்தவரிடம் இதை எப்படிக் கொடுப்பது? அழித்துவிட்டேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

5:40க்கு அர்செனியோ வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவு விடியும்வரை மகள் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம் பெலென் அக்கா.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து அவரே கடைக்கு வந்தார். கையில் ஒரு டப்பா பன்சித் நூடுல்ஸ். ஞாயிற்றுக்கிழமை திரும்ப குவைத்துக்குப் போகிறாராம். நன்றி சொல்லிவிட்டு, கிளம்பாமல் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே தம்பி? அவசரத்துல கெளம்புனப்ப என் போன குவைத்துலயே விட்டுட்டு வந்துட்டேன். எங்கூட வேல செய்யற கிளோரிண்டாதான் வச்சிருந்தா. பயத்துல சொல்லாம இருந்துட்டு நேத்துதான் சொல்றா. நாலு நாளா அது அடிச்சிட்டே இருந்துச்சாம். வேல நேரத்துல போன் எடுத்தா எஜமானி கத்துவா, அதனால விட்டுட்டா. வியாழக்கெழம காலைல எஜமானி மாடிக்குப் போன நேரம் பாத்து எடுத்திருக்கா. பத்து அம்பத்திரண்டு. போன்லயே இருக்கு.”

குவைத் எங்களுக்கு ஐந்து மணி நேரம் பின்னால். கணக்குப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“யாரு பேசினதாம்?” என்றேன்.

“எம் பொண்ணுதான். பேரு சொல்லல. ஆனா ஜோவிதான், எனக்குத் தெரியும். ‘அம்மா இல்லையா? எவ்வளவோ நேரமா கூப்புடறேன். கடைக்கார அண்ணன் நிறுத்தச் சொல்றாரு. வச்சிடறேன்’னு சொல்லிட்டு வச்சிட்டாளாம். கிளோரிண்டா என் தம்பி நம்பருக்குச் சேத்து விடறதுக்குள்ள லைன் போயிருச்சு.”

அவர் அழவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

“யாரு தம்பி அந்தக் கடைக்கார அண்ணன்? இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா நான் அவகிட்ட பேசியிருப்பேனே. அவரு கெட்டாப் போயிருப்பாரு?”

“தெரியலக்கா” என்றேன்.

அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் பன்சித்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.