சகலை சொன்ன பட விமர்சனம்

திரையில் ஒருவன் தன் சுண்டுவிரலை வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, தலைவன் முன்னால் வைத்தான். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் இருந்தவர்கள் அந்தக் கணத்தோடு திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். முதலில் முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. அது பக்கத்துத் தலையிடம் ஏதோ சொல்ல, அதுவும் திரும்பியது. வரிசை வரிசையாகத் திரும்பிய கண்களெல்லாம் என் பக்கத்து நாற்காலியில் இருந்த என் சகலையின் இடது கையில் வந்து நின்றன. அந்தக் கை ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிடித்திருந்தது, நான்கு விரல்களால். அவர் மட்டும் ஒன்றும் அறியாமல் திரையைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்.

அவர் என் மனைவியின் தங்கை கணவர். பம்மலில் பிறந்து வளர்ந்து, பாலிடெக்னிக்கில் படித்து, ஜப்பானியர்களின் மோட்டார் பாகத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவர். அவர்கள் இவரை ஜப்பானுக்கே அழைத்துப்போய்ப் பல ஆண்டுகள் வைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டினார். வீட்டுக்குள் செருப்பு எங்கே இருக்க வேண்டும், டீயை எந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தார். ஞானஸ்நான விருந்தானாலும் சரி, அடக்க ஆராதனைக்குப் பிந்திய காபியானாலும் சரி, "ஜப்பான்ல பாத்தீங்கன்னா" என்று அவர் ஆரம்பித்தால் இளையவர்களுக்கு உடனே கைப்பேசியில் அழைப்பு வரும். அந்த விரல் எப்படிப் போனது என்பதில் எங்களுக்கு எந்த மர்மமும் இல்லை. படிக்கிற காலத்தில், விடுமுறையில், பம்மலில் அவருடைய மாமா பட்டறையில் பெல்ட் பக்கிள் அடிக்கிற பிரஸ்ஸில் போனது. பம்மலில் அது செய்தியே அல்ல. அதனால் ஜப்பானைப் பற்றி ஓயாமல் பேசியவர் விரலைப் பற்றி ஒன்றும் பேசாததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான். வாழ்நாள் முழுவதும் அரசு அலுவலகத்தில், குறைபாடுள்ள கோப்புகளை எந்த விதியின்கீழ் திருப்பி அனுப்பலாம் என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். ஓய்வுபெற்ற பிறகு அந்தத் திறமையை வேறெங்கே கொண்டுபோவது? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டைமாடியில் படம் போடுவது என்று சங்கம் முடிவெடுத்ததும் அதற்கும் விதி எழுதினேன். படம் முடிந்ததும் பார்வையாளர்கள் வரிசைப்படி கருத்துச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக் கூடாது. சொன்னதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். படத்துக்கு எதற்கு இத்தனை என்று சிரித்தவர்கள்தான் அடுத்த மாதம் தங்கள் கருத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அந்த மாதப் படம், ஓர் அயல்நாட்டான் ஜப்பானிய ரவுடிக் கும்பலில் போய்ச் சேர்கிற கதை. கருத்துகள் வழக்கம்போல எல்லாத் திசையிலும் போயின. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "அந்த ஊர்க் கதைக்கு அந்த ஊர்க்காரன் ஹீரோவா இருக்கக் கூடாதா? எதுக்கு ஒரு வெள்ளைக்காரன்?" என்றார். இரண்டாம் மாடி டீச்சர், சட்டையெல்லாம் நன்றாக இருக்கிறது, யாரும் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று குறைப்பட்டார். கல்லூரி மாணவன் ஒருவன் "ஸ்லோ சார், ஆனா மாஸ்" என்று தன் மூன்று நிமிடத்தை மூன்று நொடியில் முடித்தான். பிறகு தரைத்தளத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் எழுந்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர்.

"படத்த வுடு சார். உங்க சகலைக்கும் சுண்டு விரல் இல்லியே, ஜப்பான்ல வேற இருந்துக்கினு வந்தாரு. அண்ணாத்த அங்க இன்னா கேங்கு?"

மொட்டைமாடியே சிரித்தது. சகலையும் சிரித்தார். சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் அன்று என் விருந்தினராக வந்திருந்த பெருங்களத்தூர் தலைமையாசிரியர். மிஷன் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவருடைய மகனுக்கும் சகலையின் மகளுக்கும் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. அவர் முறை வந்தபோது எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஜெபம் செய்கிற குரலில் சொன்னார்: "ஒருத்தரோட பின்னணி சரியா தெரியாம குடும்பத்துல சேத்துக்கிட்டா என்ன ஆகும்னு படம் நல்லா காட்டுது." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அந்த வாரமே, கொஞ்சம் காலம் எடுத்துக்கொண்டு யோசிக்கலாம் என்று அவர் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேண்டாம் என்பதற்கு எங்கள் சபைகளில் அதுதான் மரியாதையான வாசகம். நானும் மனைவியும் பீர்க்கன்கரணைக்குப் போனோம். கொழுந்தியாள் அழுது முகம் வீங்கியிருந்தாள். அலமாரியைத் திறந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பஞ்சின்மேல் ஒரு சுண்டுவிரல் கிடந்தது. ரப்பரால் செய்தது. நகம், ரேகை, மூட்டுச் சுருக்கம் எல்லாம் அச்சாக இருந்தன. இத்தனை ஆண்டுகளில் அப்படி ஒன்று அந்த வீட்டில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க. நிச்சயம், கல்யாணம், ரெண்டு நாளைக்கு இதப் போட்டுக்கிட்டா போதும். அப்புறம் அவர் இஷ்டம்."

"அப்பா அத மாட்டிக்கிட்டு வந்தா, நான் அந்த நிச்சயத்துக்கு வரமாட்டேன், பெரியப்பா," என்றது சமையலறையிலிருந்து பெண்ணின் குரல். குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வெளியே வந்து முகத்தைக் காட்டவில்லை.

நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். விரல் போன அன்று சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரியில் பழைய பதிவு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மாமா குடும்பத்தில் ஒருவரிடம் வாக்குமூலம் வாங்கி, நோட்டரி கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடலாம். சகலை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் விரல் யோக்கியமான விரல்தான்னு அட்டெஸ்டேஷன் வாங்கணுமாண்ணா? அன்னிக்கு எல்லார்கிட்டயும் கருத்து கேட்டீங்க. என்கிட்ட கேட்டீங்களா? அந்தக் கடைக்காரரு கேள்வி கேட்டதும் சிரிச்சு முடிச்சுட்டீங்க. எனக்கும் மூணு நிமிஷம் உண்டில்ல? அதக் குடுங்க. ஹெட்மாஸ்டரும் உக்காந்து கேக்கட்டும்."

வேறு எவரானாலும் கூட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். நடைமுறை தெரிந்தவனுக்குத்தான் தெரியும், ஒரு கூட்டத்தின் குறிப்பு அடுத்த கூட்டத்தில் உறுதி செய்யப்படும்வரை அந்தக் கூட்டம் முழுதாக முடிவதில்லை. உறுதி செய்வதற்கு முன்னால், அங்கே இருந்த எவரும் விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லலாம். கதவைச் சாத்துவதற்காகவே நான் காலமெல்லாம் பயன்படுத்திய விதி, திறக்கவும் திறக்கும் என்பது அன்றுதான் நினைவுக்கு வந்தது. தலைமையாசிரியருக்குச் சங்கத்தின் சார்பில் ஓர் அழைப்பு அனுப்பினேன். சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'தாங்கள் தெரிவித்த கருத்து பதிவு செய்யப்பட்டுள்ளது. உறுதி செய்வதற்கு முன் நேரில் வந்து சரிபார்த்துத் தர வேண்டுகிறோம்.' தான் சொன்னதை யாரோ தப்பாக எழுதிவைத்திருப்பார்களோ என்ற பயத்தைவிட, ஒரு தலைமையாசிரியரை நாற்காலியிலிருந்து எழுப்பக்கூடியது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. அவர் நேரத்துக்கு முன்பாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

குறிப்பைப் படித்தேன். தலைமையாசிரியர் தன் வாசகம் சரிதான் என்று தலையசைத்தார். விடுபட்ட கருத்து ஒன்று இருக்கிறது என்று சொல்லி ஒலிவாங்கியைச் சகலையிடம் நீட்டினேன். அதை அவர் இடது கையால் வாங்கினார். எல்லோருக்கும் தெரியும்படி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஊர காட்டினது, மழை, குறுகலான தெரு, எல்லாம் சரி. ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு அனுபவம் வேற. இந்த விரல் பம்மல்ல போச்சு. எங்க மாமா பட்டறை பிரஸ்ல. அதோடதான் நான் ஜப்பான் போனேன். அங்க வாடகைக்கு வீடு கேட்டேன், இல்லன்னாங்க. காசு குடுத்து குளிக்கிற வெந்நீர் குளத்துக்குப் போனேன். அங்க இருந்த அம்மா காச திருப்பிக் குடுத்துட்டு, குனிஞ்சு கும்பிட்டு அனுப்புச்சு. ரயில்ல பக்கத்து சீட்டு காலியாவே வரும். நான் கருப்பா இருக்கறதாலதான்னு நெனச்சுக்கிட்டேன். ரூம்ல தனியா உக்காந்து அழுதுகூட இருக்கேன். ரொம்ப நாள் கழிச்சு எங்க செக்‌ஷன் சீஃப் தயங்கித் தயங்கி சொன்னாரு. நிறமில்லப்பா, விரலு. இங்க அந்த விரல் இல்லாதவன்னா ரவுடின்னு அர்த்தம்."

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரே கம்பெனிகிட்ட சொல்லி எனக்கு ரப்பர்ல ஒரு விரல் செஞ்சு வாங்கிக் குடுத்தாரு. மொதல்ல வந்தது அவங்க கலர்ல வந்துச்சு." இங்கே ஒரு சிரிப்பு எழுந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். "நல்ல மனுஷன், திருப்பி அனுப்பி என் கலர்ல வரவழைச்சாரு. படத்துல ஹீரோ அந்தக் கூட்டத்துல சேர்றதுக்கு ஒரு விரல குடுக்கறான். எனக்கு ஒரு விரல ஒட்டிக்கிட்டப்புறந்தான் அங்க எடம் கெடச்சுது. அதனாலதான் சொல்றேன், படத்துல அந்த எடம் எனக்கு ஒட்டல. அந்த ஊர்ல இருந்த வரைக்கும் அதப் போட்டுக்கிட்டேன். அது அவங்க ஊரு, அவங்க பயம். அதுல எனக்கு வெக்கம் இல்ல. மீனம்பாக்கத்துல வந்து எறங்கினதும் கழட்டிட்டேன். ஏன்னா பம்மல்ல இந்தக் கைய பாத்து எவனும் ஒதுங்க மாட்டான். எந்தப் பட்டறைன்னுதான் கேப்பான். என் சொந்த ஊர்ல, என் பொண்ணு கல்யாணத்துல, நான் திரும்பவும் அத மாட்டிக்க மாட்டேன். கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்கலன்னாலும் சரி. இதான் என் கருத்து."

ஒலிவாங்கியை என்னிடம் திருப்பித் தந்தார். பின்வரிசையில் தன் தாயின் கையைப் பிடித்தபடி பெண் இருந்தாள். அவளை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசி முடித்திருக்க மாட்டார். எத்தனையோ அதிகாரிகள் தங்கள் பெருமையைப் பேசக் கேட்டிருக்கிறேன். ஜப்பானைப் பற்றி ஆயிரம் கதை சொன்ன என் சகலை, தனக்குப் பெருமை தராது என்று நினைத்து ஒளித்துவைத்திருந்த ஒன்றைச் சொன்ன அந்த மூன்று நிமிடத்தைத்தான் நான் அவருடைய பெரிய பெருமையாக நினைக்கிறேன். அவர் எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அன்று எனக்குத் தோன்றியதுபோல் அதற்கு முன் தோன்றியதில்லை.

தலைமையாசிரியர் மெல்லக் கையைத் தூக்கினார். ஒருவர் பேசியதன்மேல் இன்னொருவர் கேள்வி கேட்க விதியில் இடமில்லை. சங்கத் தலைவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அனுமதித்தேன். தலைமையாசிரியர் எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். பிறகு சகலையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தப் பட்டறை?"

சகலை ஒலிவாங்கியை மறுபடி இடது கையால் வாங்கினார். தெருவையும் மாமா பெயரையும் பக்கத்திலிருந்த தோல் கிடங்கையும் சொன்னார். அந்தத் தெருவில் தன் மாணவர்கள் இருந்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். அன்றைய படத்தைப் போட வெகுநேரம் ஆயிற்று. நிச்சயதார்த்தத்தில் அந்த நான்கு விரல்கள்தான் பழத்தட்டை நீட்டின.

சகலை இப்போது இல்லை. கல்யாணமாகி, பேத்தியைத் தூக்கிக் கொஞ்சி, ஒரு நாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மொட்டைமாடியில் படங்கள் தொடர்கின்றன. தலைமையாசிரியர் பெருங்களத்தூரிலிருந்து மாதம் தவறாமல் வருகிறார். தன் முறை வரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து, "எங்க சம்பந்தி இருந்திருந்தா இந்தப் படத்துக்கு என்ன சொல்லியிருப்பாருன்னா" என்று தொடங்கி, தன்னுடைய மூன்று நிமிடத்தையும் அவருக்கே கொடுத்துவிடுகிறார். கூட்டத்துக்கு வராத ஒருவர் சார்பில் மற்றொருவர் கருத்துச் சொல்வது விதிப்படி செல்லாது. ஒவ்வொரு மாதமும் அதைச் சகலையின் பெயரிலேயே பதிவு செய்துவருகிறேன்.