காலிக் கட்டத்தில் ஒரு சைபர்

அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் சைபர் என்று அடித்தது நான்தான். வேறு யார்மேலும் பழி போட மாட்டேன்.

மலேசியாவில், ஈப்போ டவுனில் நாலாவது மாடி ஆபீஸ். ஒரு பிரவுசரில் இருப்பவர் வேறு பிரவுசரில் இருப்பவரோடு முகம் பார்த்துப் பேச முடிகிறதா என்று சோதிப்பது எங்கள் வேலை. எல்லாப் பிரவுசரும் ஒரே விதிமுறைப்படி நடக்க வேண்டும் என்பார்கள். நடப்பதில்லை. குரல் எவ்வளவு தாமதம், படம் எத்தனை தடவை உறைந்தது என்ற கணக்கை ஒன்று கொடுக்கும், இன்னொன்று கொடுக்காது. நான் டீம் லீடர். அக்கா என்று நான் கூப்பிடுபவர் என் டீமில் இருந்தவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். டவுனுக்கு வெளியே சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பழைய எஸ்டேட்டில் அவர் வீடு. அங்கே லைன் மோசம். சோதனைக்கு அதுதான் வேண்டும். அதனால் புதன்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்தே கூப்பிடுவார். 'கேக்குதா, தெரியுதா' என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் போகும். சுட்ட கருவாடு, பக்கத்து வீட்டுச் சண்டை, என் தொந்தி, எல்லாம் வரும். "தம்பி, உன் மூஞ்சி அப்படியே நின்னுபோச்சுலா. இப்படியே இரு, பாக்க நல்லாருக்கு" என்று சிரிப்பார். அதை நான் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு கிளினிக்கின் வேலை வந்தது. டாக்டர் வீடியோவில் நோயாளியைப் பார்க்க வேண்டும். ஒரு பிரவுசர் உறைந்த கணக்கைக் கொடுக்கவே இல்லை. படம் உறைந்ததை அக்கா கண்ணால் பார்த்திருந்தார். மேலிடத்தில் அன்றே அறிக்கை கேட்டார்கள். ஒரு தடவைகூட உறையவில்லை என்பதுபோல் அந்தக் கட்டத்தில் சைபர் போட்டேன்.

"காலின்னா சைபரா? எஸ்டேட் பெரட்டுல காலையில வேலைக்கு ஆள் எண்ணப் பேர் கூப்பிடுறாங்க, சத்தம் வரல. ஆளு நல்லா இருக்கான்னு எழுதிடுவியா?" என்று அக்கா கேட்டார்.

"போதும்கா. ரொம்பப் படிச்சவங்க மாதிரி பேசாதீங்க" என்றேன், எல்லார் முன்னாலும். அவர் பள்ளிக்கூடத்தோடு, எஸ்.பி.எம். பரீட்சை வரைதான் படித்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அந்த மாதமே வேலையை விட்டார். கிளினிக்கிலிருந்து புகார் வந்தது: நோயாளியின் முகம் உறைந்து நிற்கிறது, டாக்டர் அது தெரியாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். சரிசெய்தோம். சைபர் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது இன்னும் எரிகிறது. இப்போது சோதனையில் இரண்டு முனையிலும் மெஷின்தான். ஒரு பொம்மைப் படம், ஒரு பீப் சத்தம். நாள் முழுக்க ஓடுகிறது. அதற்குக் கருவாடும் தெரியாது, கிண்டலும் தெரியாது.

போன புதன்கிழமை மெஷினை நிறுத்திவிட்டு அக்காவுக்கு லிங்க் அனுப்பினேன். 'சைபர் போட்டது தப்புக்கா. உங்களைச் சொன்னது அதைவிடத் தப்பு' என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் உள்ளே வந்தார். கேமராவைத் திறக்கவில்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் வந்தது. என் திரையில் எண்கள் எல்லாம் பச்சை, ஒரு குறையும் இல்லை என்று. நடுவில் ஒரு தடவை மழை அறுந்து, மறுபடி ஒட்டியது.

"இப்ப அறுந்துச்சுக்கா. எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

"சைபர்னு போட்டுக்க தம்பி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

குத்தல்தான். ஆனாலும் ஒரு வருடம் கழித்துக் கேட்ட குரல். இந்தப் புதன்கிழமைக்கும் லிங்க் அனுப்பியிருக்கிறேன்.